‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திட்ட பெண்: 1962-லேயே ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ ஐடி நிறுவனம் நடந்தது எப்படி?

1960-களின் தொடக்கம், இங்கிலாந்து. ஒரு பெண் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பெரிய பெரிய நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதுகிறார். ‘உங்கள் கணினிக்குத் தேவையான புரோகிராம்களை நாங்கள் எழுதித் தருகிறோம்’ என்பதுதான் விஷயம். கீழே ‘ஸ்டெஃபனி ஷெர்லி’ என்று கையெழுத்து. ஒரு கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

கணவர் டெரிக் ஒரு யோசனை சொன்னார்: ஸ்டெஃபனி என்பதற்குப் பதிலாக ‘ஸ்டீவ்’ என்று போட்டுப் பார்த்தால் என்ன? அதே கடிதம், அதே விலை, அதே திறமை. பெயர் மட்டும் ஆண் பெயர். இந்த முறை பதில்கள் வந்தன. சந்திக்க நேரமும் கிடைத்தது. அறைக்குள் நுழைந்த பிறகுதான் ‘ஸ்டீவ்’ ஒரு பெண் என்று எதிரில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெயர் அவருடன் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. 2025 ஆகஸ்டில், 91 வயதில் அவர் காலமானபோதும் உலகம் அவரை ‘ஸ்டீவ்’ ஷெர்லி என்றே குறிப்பிட்டது. வீட்டிலிருந்து வேலை, நெகிழ்வான நேரம், ஊழியர்களுக்குப் பங்கு என்று இன்றைக்கு ஐடி நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெருமையாகச் சொல்லும் பல விஷயங்களை, பெர்சனல் கம்ப்யூட்டரே வராத காலத்தில் செய்து காட்டியவர் இவர்.

யார் இந்த ஸ்டெஃபனி ஷெர்லி? அவர் என்ன செய்தார்? பார்ப்போம்.

5 வயதில் அகதி

ஷெர்லியின் இயற்பெயர் வேரா புக்தால். 1933-ல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் பிறந்தார். அப்பா யூதர், நீதிபதியாக இருந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அந்தப் பதவி பறிபோனது. குடும்பம் ஊர் ஊராக நகர்ந்து வியன்னாவுக்குப் போனது. அங்கும் நாஜிகள் வந்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் நாஜிகளின் பிடியில் இருந்த பகுதிகளிலிருந்து குழந்தைகளை மட்டும் ரயிலேற்றி பிரிட்டனுக்கு அனுப்பும் ஒரு மீட்பு முயற்சி நடந்துகொண்டிருந்தது. ‘கிண்டர்டிரான்ஸ்போர்ட்’ என்று அதற்குப் பெயர். இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் சுமார் 10,000 குழந்தைகள் இப்படிக் காப்பாற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் யூதக் குழந்தைகள். பலர் தங்கள் பெற்றோரை அதன் பிறகு பார்க்கவே இல்லை.

1939 ஜூலையில் அப்படி ஒரு ரயிலில் 5 வயது வேராவும் 9 வயது அக்கா ரெனேட்டும் ஏற்றிவிடப்பட்டனர். லண்டனில் வந்து இறங்கியபோது அவர்களுக்கு அந்த ஊர் மொழி தெரியாது, யாரையும் தெரியாது. சட்டன் கோல்ட்ஃபீல்டு என்ற ஊரைச் சேர்ந்த, முன்பின் அறியாத ஒரு தம்பதி இருவரையும் கூட்டிப்போய் வளர்த்தனர்.

வேராவின் பெற்றோரும் உயிர் பிழைத்தனர். பின்னாளில் குடும்பம் மறுபடியும் சந்தித்தது. ஆனால், விட்ட இடத்திலிருந்து பாசத்தைத் தொடர முடியவில்லை என்று ஷெர்லி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். யாரோ முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து காப்பாற்றிய உயிர் இது. காப்பாற்றியது வீண் போகவில்லை என்று சொல்லும்படி வாழ வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் ஆழமாகப் பதிந்தது. பின்னாளில் அவர் எடுத்த பல முடிவுகளுக்கு இதுதான் வேர்.

கணக்கு படிக்க ஆண்கள் பள்ளிக்கு

வேராவுக்குக் கணக்கு என்றால் உயிர். ஆனால், அவர் படித்த ஆஸ்வெஸ்ட்ரி பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அவருடைய அளவுக்குக் கணிதம் சொல்லித்தர ஆளில்லை. கடைசியில் பக்கத்தில் இருந்த ஆண்கள் பள்ளிக்குப் போய்க் கணிதம் படிக்கச் சிறப்பு அனுமதி வாங்கினார். பையன்கள் நிறைந்த வகுப்பில் அவர் ஒருவர் மட்டும் பெண்.

18 வயதில் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. பெயரையும் ஸ்டெஃபனி புரூக் என்று மாற்றிக்கொண்டார். கல்லூரிக்குப் போகவில்லை; நேரே வேலைக்குப் போனார். லண்டனின் டாலிஸ் ஹில் பகுதியில் இருந்த அஞ்சல் துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை.

அஞ்சல் துறைக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அப்போது பிரிட்டனில் தொலைபேசியும் அஞ்சல் துறையிடம்தான் இருந்தது. உலகப் போரின்போது ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைக்க உதவிய ‘கொலோசஸ்’ இயந்திரத்தை டாமி ஃபிளவர்ஸ் தலைமையிலான குழு உருவாக்கியதும் இதே டாலிஸ் ஹில்லில்தான். அங்கே ஷெர்லி கணினிகளை உருவாக்கும் பணியில் இருந்தார். இயந்திர மொழியில் புரோகிராம் எழுதவும் கற்றுக்கொண்டார். பகலில் வேலை, மாலையில் வகுப்பு. இப்படியே 6 வருடம் படித்துக் கணிதத்தில் பட்டம் வாங்கினார்.

திறமை இருந்தும் முன்னேற்றம் சுலபமாக வரவில்லை. அரசு வேலையிலேயே ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்றிருந்த காலம் அது. 1959-ல் இயற்பியலாளர் டெரிக் ஷெர்லியைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு கணினி வடிவமைக்கும் ஒரு தனியார் நிறுவனத்துக்கு மாறினார். அங்கே ஒரு கூட்டத்தில் தொழில்நுட்பத்தைத் தாண்டி ஒரு யோசனை சொன்னதும், ‘நீங்கள் டெக்னிக்கல் ஆள், இது உங்கள் விஷயமில்லை’ என்கிற பாணியில் வாயடைத்துவிட்டார்கள். அந்த ஒரு பதிலோடு, வேலையை விட்டுவிடுவது என்று முடிவெடுத்துவிட்டார்.

முதலீடு 6 பவுண்டு

1962. ஷெர்லி சொந்தமாகத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ‘ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’. முதலீடு 6 பவுண்டு. அன்றைய மாற்று விகிதத்தில் நம்முடைய பணத்துக்கு சுமார் 80 ரூபாய்! அலுவலகம் என்று தனியாக எதுவும் கிடையாது. வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் அலுவலகம். இன்னொரு சங்கடமும் இருந்தது. கம்பெனியின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கக்கூடக் கணவரின் அனுமதி தேவைப்பட்டது என்று ஷெர்லி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

யாரை வேலைக்கு எடுப்பது? இங்கேதான் அவருடைய ஐடியா வித்தியாசமானது. அன்றைய பிரிட்டனில் புரோகிராமிங் தெரிந்த பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால், கல்யாணம் ஆனதும், அல்லது முதல் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிடுவதுதான் வழக்கம். நன்றாகப் பயிற்சி பெற்ற மூளைகள், வீட்டில். இன்னொரு பக்கம், புரோகிராமர் கிடைக்காமல் நிறுவனங்கள் அல்லாடிக்கொண்டிருந்தன. இந்த இரண்டையும் ஷெர்லி இணைத்தார்.

தொடக்கத்தில் நிறுவனத்தின் நோக்கம் ‘குழந்தைகள் உள்ள பெண்களுக்கு வேலை’ என்பதாக இருந்தது. பிறகு ‘குழந்தைகள் உள்ள பெண்களுக்கு முழுமையான கரியர்’ என்று வளர்ந்தது. குழந்தை மட்டுமல்ல, வயதான பெற்றோரையோ நோயாளியான கணவரையோ பார்த்துக்கொள்பவர்களும் உண்டே என்று, ‘தன்னை நம்பி இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள்’ என்று இன்னும் விரிந்தது. முதல் 300 ஊழியர்களில் ஆண்கள் 3 பேர் மட்டுமே.

‘சாஃப்ட்வேருக்கு யார் காசு கொடுப்பாங்க?’

பெண்கள் நடத்தும் நிறுவனம் என்பது ஒரு சவால் என்றால், விற்ற பொருளே இன்னொரு சவால். இன்று சாஃப்ட்வேர்தான் பல லட்சம் கோடி மதிப்புள்ள தொழில். 1962-ல் நிலைமை தலைகீழ். கணினி வாங்கினால், அதற்கான புரோகிராம்களை இயந்திரம் விற்ற நிறுவனமே சேர்த்துக் கொடுத்துவிடும். மிக்ஸி வாங்கினால் ஜார் கூடவே வருவதுபோல. ஐபிஎம் நிறுவனமே சாஃப்ட்வேருக்குத் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது 1969-ல்தான்.

அதற்கு 7 வருடம் முன்னால், சாஃப்ட்வேரைத் தனியாக விற்கப்போகிறேன் என்று ஒரு பெண் கிளம்பியதைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? அதுவும் ஒரு பெண்ணிடமிருந்து?

ஷெர்லி தளரவில்லை. இயந்திரத்தோடு வரும் பொதுவான புரோகிராம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால், ஒரு சரக்கு ரயில் நிறுவனத்தின் தேவை வேறு, ஒரு தொழிற்சாலையின் தேவை வேறு. அந்தந்த வாடிக்கையாளருக்கு ஏற்றபடி எழுதித் தருவதற்கு ஒரு சந்தை உருவாகும் என்று அவர் கணித்தார். அந்தக் கணிப்பு பலித்தது.

கணினியே இல்லாமல் கோடிங் செய்தது எப்படி?

இந்தக் கதையில் இன்றைய டெவலப்பர்களை அசர வைக்கும் பகுதி இதுதான். அந்தப் பெண்கள் யாருடைய வீட்டிலும் கணினி கிடையாது. லேப்டாப், இன்டர்நெட், வீடியோ கால் எதுவும் இல்லை. வேலைக்கு விண்ணப்பிப்பவர்களிடம் கேட்கப்பட்ட முக்கியக் கேள்விகளில் ஒன்று, ‘உங்களால் ஒரு தொலைபேசியைப் பயன்படுத்த முடியுமா?’ என்பதுதான். அன்று பல பிரிட்டிஷ் வீடுகளில் தொலைபேசியே இல்லை.

வேலை நடந்த விதம் இதுதான்:

• வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதைப் பென்சிலால் தாளில் ஃபுளோசார்ட் ஆக வரைவார்கள்.

• அதைப் பார்த்து ஒவ்வொரு வரியாக புரோகிராம் எழுதுவார்கள். பெரும்பாலும் இயந்திர மொழி. சில நேரம் நேரடியாக 0, 1 என்ற இரும எண்களே.

• எழுதிய தாள்களைத் தபாலில் ஒரு கணினி மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அதைப் பார்த்து அட்டையிலோ காகித நாடாவிலோ ஓட்டை போடுவார்கள்.

• தவறு வந்திருக்கிறதா என்று சரிபார்க்க, அதே புரோகிராமை இரண்டாவது முறையும் ஓட்டை போட்டு ஒப்பிடுவார்கள்.

• இவ்வளவும் முடிந்த பிறகுதான் அந்த புரோகிராம் ஒரு கணினியின் பக்கத்திலேயே போகும்.

இன்று ஒரு வரியில் பிழை என்றால் அடுத்த நொடியே திரையில் சிவப்பாகத் தெரிந்துவிடும். அன்றைக்கு ஒரு கமா மாறினால்கூட விஷயம் தெரிய நாள் கணக்கில் ஆகும். அதனால், தாளிலேயே திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் ஒழுக்கம் கட்டாயமானது. யார் எதை எழுதினார்கள், எப்படிச் சோதித்தார்கள், அடுத்தவர் எடுத்துத் தொடர என்னென்ன குறிப்பு வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை வகுக்க வேண்டியிருந்தது. ஆளாளுக்கு ஓர் ஊரில் இருக்கும்போது, பக்கத்து நாற்காலியில் திரும்பிக் கேட்க முடியாதே!

இப்படி மென்பொருள் திட்டங்களை நிர்வகிக்க இந்த நிறுவனம் உருவாக்கிய தர விதிமுறைகள், பின்னாளில் நேட்டோ வரை போய்ச் சேர்ந்தன. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் ஒழுங்காகச் செய்வார்களா என்ற சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

தொலைபேசியில் வாடிக்கையாளரிடம் பேசும்போது மட்டும் ஷெர்லி ஒரு சின்ன வேலை செய்வார். டைப்ரைட்டர் தட்டும் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருந்த டேப்பை ஓடவிடுவார். பின்னணியில் குழந்தையின் சத்தம் கேட்காமல் பரபரப்பான அலுவலகம் மாதிரி தோன்ற வேண்டும் அல்லவா? மீட்டிங் நடுவே குழந்தை ஓடிவந்தால் அவசரமாக ‘மியூட்’ போடுபவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகவே புரியும்.

கான்கார்டின் கறுப்புப் பெட்டி

சிறிய வேலைகளில் தொடங்கிய நிறுவனத்துக்குப் பெரிய திட்டங்கள் வர ஆரம்பித்தன. சரக்கு ரயில்களின் ஓட்டத்தைத் திட்டமிடும் புரோகிராம்கள் அவற்றில் ஒரு வகை. இன்றுவரை அதிகம் பேசப்படுவது கான்கார்டு விமானத்தின் வேலை.

ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானம் கான்கார்டு. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கியது. 1969-ல் முதல் முறை பறந்தது. விமானம் பறக்கும்போது நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் கருவிதான் ‘கறுப்புப் பெட்டி’. கான்கார்டின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராமிங்கைச் செய்தவர்கள் ஷெர்லியின் நிறுவனப் பெண்கள். அதுவும் அவரவர் வீட்டில் இருந்தபடியே. அன்றைய உலகின் அதிநவீன விமானத்துக்கான கோடு, தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் எழுதப்பட்டது.

இதற்கிடையே, அந்தப் பெண்களின் திறமையை நம்பாதவர்கள் சொல்லும் காரணம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. சின்ன நிறுவனம், அதனால் ஓடுகிறது என்றார்கள். பெரிதானதும், பெரிதுதான், ஆனால் முக்கியத்துவம் இல்லாதது என்றார்கள். பல நூறு கோடி மதிப்புக்கு வந்த பிறகுதான் பாராட்டினார்கள். தன் பேச்சுகளில் ஷெர்லி இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

பெண்களுக்காக வந்த சட்டம்… கதவு திறந்தது ஆண்களுக்கு

1975-ல் பிரிட்டனில் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. வேலைக்கு எடுப்பதில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்றது சட்டம். பெண்கள் காத்திருந்த சட்டம்தான். ஆனால், அதன்படி பார்த்தால் பெண்களை மட்டும் வேலைக்கு எடுக்கும் ஷெர்லியின் கொள்கையும் சட்டவிரோதமாகிவிட்டது!

சட்டத்தை எதிர்த்து அவர் மல்லுக்கட்டவில்லை. ‘பெண்கள்’ என்று இருந்த இடத்தில் ‘பிறரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு உள்ள நபர்கள்’ என்ற பொருளில் நோக்கத்தை மாற்றி எழுதி, ஆண்களையும் சேர்த்துக்கொண்டார். குடும்பப் பொறுப்பு பெண்ணுக்கு மட்டுமே உரியது அல்ல என்பதை இந்த மாற்றம் போகிறபோக்கில் சொல்லிவிட்டது. குழந்தையையோ பெற்றோரையோ பார்த்துக்கொள்ளும் ஆணுக்கும் நெகிழ்வான வேலை தேவைதானே?

வீட்டுக்குள் நடந்த இன்னொரு போராட்டம்

வெளியே நிறுவனம் வளர்ந்துகொண்டிருந்தபோது, ஷெர்லியின் வீட்டுக்குள் வேறொரு கதை நடந்தது. 1963-ல் அவருக்கும் டெரிக்குக்கும் ஜைல்ஸ் என்ற மகன் பிறந்தான். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தை, இரண்டரை வயது வாக்கில் கற்றுக்கொண்ட கொஞ்ச வார்த்தைகளையும் மறந்துபோனது. பிறகு பேசவே இல்லை. தீவிரமான ஆட்டிசம் என்று தெரியவந்தது.

ஆட்டிசம் பற்றிய புரிதல் மருத்துவர்களிடமே குறைவாக இருந்த காலம். தாய்க்குப் பாசம் போதாததுதான் காரணம் என்று அம்மாக்களைக் குற்றவாளியாக்கும் கோட்பாடு அப்போது பரவலாக இருந்தது. அது தவறு என்று அறிவியல் பின்னர் நிரூபித்துவிட்டது. ஆனால், அந்த ஆண்டுகளை வாழ்ந்து கடந்த பெற்றோருக்கு அந்த வலியும் சேர்ந்தே இருந்தது. ஜைல்ஸ் வளர வளர வலிப்பு நோயும் சேர்ந்துகொண்டது. பதின்ம வயதில் அவனை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் மருத்துவமனை ஒன்றில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரு கட்டத்தில் ஷெர்லியே மனமுடைந்து சிகிச்சை பெற்றார்.

பொறுப்புகள் உள்ள பெண்களுக்காக ஒரு நிறுவனம் தொடங்கியவர், மற்ற யாரையும்விட அதிகமாக அந்தப் பொறுப்பைச் சுமந்தார். ‘வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளித்தீர்கள்?’ என்ற கேள்விக்குத் தான் எல்லாவற்றையும் வென்றுவிட்டதாக அவர் பதில் சொன்னதில்லை. விழுந்ததையும் சேர்த்தே சொன்னார்.

ஜைல்ஸ் வளர்ந்தபின் மருத்துவமனையை விட்டு வெளியே கொண்டுவந்து, ஆட்டிசம் உள்ளவர்கள் ஓரளவு சுதந்திரமாக வாழக்கூடிய ஓர் இல்லத்தை ஷெர்லி உருவாக்கினார். ‘கிங்வுட்’ அறக்கட்டளையின் தொடக்கம் அது. அதன் முதல் குடியிருப்பாளர் ஜைல்ஸ்தான். 1998-ல், 35 வயதில் தூக்கத்தில் ஏற்பட்ட வலிப்பால் ஜைல்ஸ் இறந்துபோனார்.

70 மில்லியனர்கள் உருவான விதம்

ஸ்டார்ட்அப் உலகில் இன்று ‘இசாப்ஸ்’ என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். ஊழியர்களுக்கு நிறுவனத்தின் பங்குகளைக் கொடுப்பது. ஷெர்லி இதைத் தன் பாணியில் வெகுகாலம் முன்பே யோசித்தார். நிறுவனத்தின் கால் பங்கை ஊழியர்களின் கைக்கு மாற்றினார். அதற்கான செலவு ஊழியர்களுடையது அல்ல. ஷெர்லியின் சொந்தப் பங்கிலிருந்து போனது.

1993-ல் தன் 60-வது வயதில் ஷெர்லி ஓய்வுபெற்றார். அதற்குள் நிறுவனத்தின் பெயர் ‘எஃப் இன்டர்நேஷனல்’ என்றாகி, பிறகு ‘எஃப்ஐ குழுமம்’ என்றாகியிருந்தது. 1996-ல் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. டாட்காம் அலை உச்சத்தில் இருந்தபோது அதன் மதிப்பு 300 கோடி டாலரைத் தாண்டியது. பங்கு வைத்திருந்த ஊழியர்களில் 70 பேர் மில்லியனர் ஆனார்கள்.

சாப்பாட்டு மேஜையில் 6 பவுண்டில் தொடங்கிய கதை இது.

சென்னை வரை வந்த கதை

இந்தக் கதைக்கு நம் ஊர்த் தொடர்பும் உண்டு. 1990-களின் பிற்பகுதியில், அதாவது ஷெர்லி ஓய்வுபெற்ற பிறகு, எஃப்ஐ குழுமம் நொய்டாவில் இருந்த ‘ஐஐஎஸ் இன்ஃபோடெக்’ என்ற இந்திய மென்பொருள் நிறுவனத்தை வாங்கியது. 2001-ல் எஃப்ஐ குழுமம் ‘ஸான்ஸா’ என்று பெயர் மாறியது. நொய்டா, சென்னை, புணே ஆகிய நகரங்களில் ஸான்ஸாவுக்கு அலுவலகங்கள் இருந்தன. ஒரு கட்டத்தில் அதன் ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில்தான் வேலை பார்த்தார்கள்.

டாட்காம் குமிழி உடைந்த பிறகு பழைய மதிப்பு நிற்கவில்லை. 2007-ல் பிரெஞ்சு நிறுவனமான ‘ஸ்டீரியா’ சுமார் 47 கோடி பவுண்டுக்கு ஸான்ஸாவை வாங்கியது. 2014-ல் ஸ்டீரியா இன்னொரு பிரெஞ்சு நிறுவனத்துடன் இணைந்து ‘சோப்ரா ஸ்டீரியா’ ஆனது. அந்த நிறுவனத்துக்குச் சென்னையில் வேலைக்குப் போன பலருக்கு, அதன் ஒரு கிளையின் வேர் ஓர் அகதிச் சிறுமியின் வீட்டு மேஜையில் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சம்பாதித்ததை என்ன செய்தார்?

பிரிட்டனின் பெரும் பணக்காரர்கள் பட்டியலில் இடம்பெற்ற ஷெர்லி, அதிலிருந்து வெளியேறியதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். காரணம், பணத்தை இழக்கவில்லை, கொடுத்துவிட்டார். அவர் வழங்கிய நன்கொடைகளின் மொத்தம் சுமார் 7 கோடி பவுண்டு.

இரண்டு துறைகளுக்கு மட்டுமே கொடுப்பது என்று முடிவு செய்திருந்தார். தனக்கு நன்றாகத் தெரிந்த தகவல் தொழில்நுட்பம் ஒன்று. தன் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட ஆட்டிசம் இன்னொன்று. 2001-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ‘ஆக்ஸ்ஃபோர்டு இன்டர்நெட் இன்ஸ்டிடியூட்’ அவருடைய நன்கொடையால் உருவானது. இணையம் சமூகத்தை எப்படி மாற்றுகிறது என்று ஆராயும் நிறுவனம் அது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக ‘பிரையர்ஸ் கோர்ட்’ பள்ளி, ஆட்டிசம் ஆராய்ச்சிக்காக ‘ஆட்டிஸ்டிகா’ அமைப்பு ஆகியவையும் அவர் உருவாக்கியவை.

பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் சொசைட்டியின் முதல் பெண் தலைவர், 2000-ல் ‘டேம்’ பட்டம், 2017-ல் ‘கம்பானியன் ஆஃப் ஹானர்’ என்று விருதுகளின் பட்டியலும் நீளம்.

விமர்சனமே இல்லையா?

உண்டு. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் நிரந்தர ஊழியர்கள் அல்ல; பெயரிலேயே இருப்பதுபோல ஃப்ரீலான்ஸர்கள். வேலை வந்தால் வருமானம், வராவிட்டால் இல்லை. நிரந்தர வேலையில் கிடைக்கும் பாதுகாப்பு அதில் கிடையாது. இன்று ‘கிக்’ வேலை செய்பவர்கள் எழுப்பும் அதே கேள்வி, அன்றும் அதற்குள் இருந்தது.

இன்னொன்று. பெண் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றால், சமையலும் குழந்தையும் அவள் தலையிலேயேதான் இருக்கும். கூடவே கோடிங்கும் சேர்ந்துகொள்ளும். இரண்டு ஷிப்ட்டும் ஒரே கூரைக்கு அடியில். வீட்டு வேலையை யார் பங்கு போடுவது என்ற கேள்விக்கு எந்த நிறுவனமும் தனியாகப் பதில் கண்டுபிடித்துவிட முடியாது.

ஆனாலும், அந்தப் பெண்களுக்கு முன்னால் இருந்த மாற்று வழி நிரந்தர வேலை அல்ல. வேலையே இல்லாமல் இருப்பதுதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்றைக்கு ஏன் இந்தக் கதை முக்கியம்?

கொரோனா காலத்தில் உலகமே வீட்டிலிருந்து வேலை பார்த்தது. பிறகு ‘ஆபீசுக்குத் திரும்பி வாங்க’ என்ற மெயில்கள் வரத் தொடங்கின. வீட்டில் இருப்பவர் நிஜமாகவே வேலை செய்கிறாரா என்று மவுஸ் அசைவைக்கூடக் கண்காணிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. வீட்டிலிருந்து வேலை செய்தால் தரம் குறையும், குழுவாக இயங்க முடியாது என்ற வாதங்கள் மறுபடியும் கேட்கின்றன.

ஷெர்லியின் நிறுவனம் 60 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்விகளைச் சந்தித்தது. கையில் இருந்தது ஒரு தொலைபேசி, தபால், பென்சில். ஊழியரின் நேரத்தைக் கண்காணிக்க வழியே இல்லை. அதனால், முடித்துத் தந்த வேலையின் தரத்தை அளந்தார்கள். ஊழியர்களை நம்புவதுதான் தன் நிர்வாக முறை என்று ஷெர்லி சொல்லியிருக்கிறார். அந்த நம்பிக்கைக்குத் துணையாகக் கறாரான தர விதிமுறைகளும் இருந்தன. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் கான்கார்டு வேலை அவர்களிடம் வந்திருக்காது.

குழந்தை பிறந்ததும் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும் பெண் இன்ஜினீயர்கள் இன்றும் இருக்கிறார்கள். சில வருடம் கழித்துத் திரும்பி வர நினைக்கும்போது, ரெஸ்யூமேயில் இருக்கும் அந்த இடைவெளிதான் முதல் கேள்வியாக வருகிறது. 1962-ல் அந்த இடைவெளியில் இருந்த பெண்களைத்தான் ஷெர்லி தேடிப் போனார். மற்ற நிறுவனங்கள் கழித்துக்கட்டியவர்களை வைத்தே அவர் ஒரு நிறுவனத்தைக் கட்டி எழுப்பினார்.

அடுத்த முறை உங்கள் டீமில் ஒருவர், ‘பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல, இன்னைக்கு வீட்டிலிருந்தே பார்க்கிறேன்’ என்று மெசேஜ் போட்டால், அந்த ஏற்பாட்டுக்கு வழிபோட்டவர்களில் ஒருவர், டைப்ரைட்டர் சத்தம் பதிந்த ஒரு டேப்பை ஓடவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த ஓர் அம்மா என்பதை நினைத்துக்கொள்ளலாம்.